கூட்டமைப்பா, உழவர் சங்கமா, திட்டக் கூட்டணியா?

ஆசியத் தொண்டு நிறுவனங்கள் ஊரக வளர்ச்சிக்கும் உணவுப் பாதுகாப்புக்கும் எல்லை தாண்டிக் கைகோப்பது பெரும்பாலும் மூன்று வடிவங்களில். நிரந்தரச் செயலகம் வைத்த நிறுவனக் கூட்டமைப்பு, உழவர் சங்கங்களே நடத்தும் பேரமைப்பு, சில ஆண்டுகளுக்கு மட்டும் நிதி வாங்கி நடத்தும் திட்டக் கூட்டணி.

முதல் வகைக்கு உதாரணம் 1979இல் தொடங்கிய ஆங்கோக் (ANGOC) என்ற ஆசியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு. செயலகம் மணிலா வட்டாரத்தில் இருக்கிறது. நிலச் சீர்திருத்தம்தான் அதன் மையம். பல நாட்டு நில நிலவரத்தை ஒரே கேள்வித்தாளில் திரட்டி அரசுகள் முன் வைக்க வேண்டுமென்றால் இந்த வடிவத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. குறை என்னவென்றால், இதில் உறுப்பினர் உழவரல்ல, நிறுவனம். விமானச் சீட்டும் மொழிபெயர்ப்பும் போக மிஞ்சுவதுதான் வயலுக்கு.

இரண்டாம் வகைக்கு உதாரணம் ஆசிய உழவர் சங்கம் (ஏ.எஃப்.ஏ.). அது 2002இல் உருவானது. 1974இல் வேர்விட்ட ஆசியாத்ரா (AsiaDHRRA) என்ற ஊரக மனிதவள மேம்பாட்டுக் கூட்டமைப்பு நடத்திய உழவர் பரிமாற்றங்களிலிருந்து வளர்ந்தது இது. தொழில்நுட்பம் கைமாறுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது, பயணத்தைச் சரியான பருவத்தில் வைத்தால். நெல்லில் ஒற்றை நாற்று நடவையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 முதல் 12 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. சதுர இடைவெளி. அறுவடை நேரத்தில் வந்து பார்ப்பவர் தூர்களை எண்ணிவிட்டு, ஊருக்குப் போய் இடைவெளியை மட்டும் பின்பற்றுவார். வயலைச் சமன்படுத்தாமல் நட்டால் பள்ளத்தில் தண்ணீர் நின்று இரண்டு இலை நாற்று மூழ்கும். வரிசை கோணினால் கோனோவீடர் என்ற உருளும் களைக்கருவியை ஒரு திசையில்தான் ஓட்ட முடியும். குறுக்கே ஓட்டினால் பயிரையே சாய்க்கும். ஆகவே ஒரு பயணம் போதாது. நாற்றங்கால் தொடங்கி நடவு வரை ஒரு முறை, களையெடுப்புக்கு இன்னொரு முறை. செலவு கூடும்தான், அறுவடைக் காலத்தில் பேருந்து நிறைய ஆளேற்றிப் போவதைவிட இது பலன் தரும்.

மூன்றாவது வகைக்குத்தான் பணம் எளிதில் கிடைக்கிறது. சிக்கலும் அங்கேதான் அதிகம். தலைமை நிறுவனம் மொத்த நிதியை வாங்கிப் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்ற வழக்கமான ஏற்பாடு இந்தியாவில் செல்லாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற நன்கொடையை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்க முடியாது, அந்த அமைப்பும் இதே சட்டப்படி பதிவு பெற்றிருந்தாலும். நிர்வாகச் செலவு வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. பணம் முதலில் புது தில்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். எனவே நன்கொடையாளர் ஒவ்வோர் இந்தியப் பங்காளியோடும் தனித்தனி ஒப்பந்தம் போட வேண்டும். பதிவில்லாத சிறு அமைப்பு முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட பணி என்ற வரையறைக்குள்தான். வங்கதேசத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் என்.ஜி.ஓ. விவகாரப் பணியகத்தின் ஒப்புதல் வேண்டும், நேபாளத்தில் சமூக நலக் கவுன்சிலின் ஒப்புதல். இந்தக் காத்திருப்பைக் காலஅட்டவணையில் சேர்க்காத திட்டம் முதல் விதைப்பருவத்தைக் கோட்டைவிடும். பயிர் சார்ந்த வேலையில் ஒரு பருவம் போனால் ஓராண்டே போனமாதிரி.

விதையை எல்லை தாண்டிக் கொண்டுபோவதில் மூன்று வடிவத்துக்கும் விதி ஒன்றுதான். பரிமாற்றத்துக்கு வந்த விருந்தாளி ஒரு பிடி நாட்டு நெல்லைப் பையில் போட்டுக்கொண்டு போவது பாசமாகத் தெரியும். இந்தியாவிலிருந்து அப்படி எடுத்துப்போக, 2002 பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வெளிநாட்டவருக்குத் தேவை. உள்ளே கொண்டுவரவோ இறக்குமதி அனுமதியும், பூச்சி, நோய் இல்லை என்று அனுப்பும் நாடு தரும் தாவர நலச் சான்றும் வேண்டும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், புதிதாகத் தொடங்குபவர்கள் திட்டக் கூட்டணியில் குதிக்காமல், உழவர் பரிமாற்றத்தை இரண்டு பருவம் நடத்திப் பார்ப்பது மேல். செய்முறையைக் கொண்டுபோகத் தாவர நலச் சான்று தேவையில்லை.