ஸ்லிம்: எண் சுலபமாக வரும், அலகை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்

சூழலியல், பரிணாமக் கோட்பாட்டு மாடலிங்கில் பிஎச்.டி. செய்பவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் ஸ்லிம் பக்கம் வந்தாக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு உயிரையும் அதன் குரோமோசோம்களோடு தனித்தனியாக வைத்து ஓட்டும் சிமுலேஷன் மென்பொருள் இது. இலவசம், திறந்த மூலம். பிலிப் மெஸ்ஸர் 2013இல் வெளியிட்டார். 2ஆம் பதிப்பிலிருந்து பென் ஹாலர் சேர, ஐடோஸ் என்ற தனி ஸ்கிரிப்ட் மொழியும் வந்தது. ஆர் (R) என்ற புள்ளியியல் மொழி தெரிந்தவருக்கு ஐடோஸ் சீக்கிரம் பழகிவிடும். பயன்படுத்தலாமா என்றால், தாராளமாக. ஆனால் கையில் ஒரு சமன்பாடு இல்லாமல் இதைத் திறக்காதீர்கள். தவறான மாடலையும் இது முகம் சுளிக்காமல் ஓட்டிக் கொடுத்துவிடும்.

வரைகலை முகப்பில் புதிய கோப்பைத் திறந்தால் ஒரு மாதிரி ஸ்கிரிப்ட் வரும்: 500 உயிர்கள், 1 லட்சம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளம், ஒரு பேஸுக்குச் சடுதி மாற்ற வீதம் 1 கோடியில் 1, மொத்தம் 2,000 தலைமுறை. பலர் இதையே தங்கள் ஆய்வுக்கு அடித்தளமாக வைத்துக்கொள்கிறார்கள். சமநிலையில் இரண்டு குரோமோசோம்களுக்கு இடையே சராசரியாக 20 வேறுபாடுகள் இருக்க வேண்டும் (4 × 500 × வீதம் × நீளம்). சிமுலேஷன் தொடங்கும்போது வேறுபாடு எதுவுமே இல்லை என்பதால், 2,000 தலைமுறையில் ஏறத்தாழ 17தான் வரும். 5,000 ஓட்டினால், அதாவது உயிர்த்தொகையைப் போல் 10 மடங்கு, 99 சதவீதத்தை எட்டலாம். குறையும் அந்த 3ஐ இயற்கைத் தேர்வின் விளைவு என்று விளக்கிவிடக்கூடிய ஆபத்து நிஜமானது.

ஸ்லிமில் இரண்டு முறைகள் உண்டு. முதலாவது, பாடப்புத்தகங்களில் வரும் ரைட்-ஃபிஷர் முறை: இதில் தொகையின் (மொத்த உயிர்களின்) அளவை நாம் தருகிறோம். தகுதி என்பது பெற்றோராகும் வாய்ப்பை மட்டும் தீர்மானிக்கிறது. கோட்பாட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இதுவே சரியான இடம். ஒரு எச்சரிக்கை: தேர்வுக்கெழு (ஒரு மாற்றம் தரும் நன்மையின் அளவு) 0.02 என்று கொடுத்தால் அது ஹோமோசைகோட்டுக்கானது, அதாவது அந்த மாற்றத்தின் இரண்டு பிரதிகளும் உள்ள உயிருக்கானது. ஆதிக்கக்கெழு 0.5 என்றால், ஒரு பிரதி மட்டும் உள்ள ஹெட்டிரோசைகோட்டுக்குக் கிடைக்கும் நன்மை 0.01தான். ஆகவே நிலைபெறும் (தொகை முழுவதும் பரவிவிடும்) வாய்ப்பு 0.02, பாடப்புத்தக வாய்பாட்டில் (நன்மை × 2) 0.02ஐ அப்படியே போட்டு 0.04 எதிர்பார்க்கக் கூடாது. 1,000 உயிர்களில் ஒரே ஒரு பிரதியாக விட்டு 10,000 முறை ஓட்டினால், சுமார் 200 முறை நிலைபெறும், கூடக்குறைய 14. நூறு முறை ஓட்டிவிட்டு "ஒத்துப்போகிறது" என்று எழுதுவதில் பொருளில்லை. அதில் எதிர்பார்ப்பதே 2தான்.

சூழலியல் உண்மையில் நுழைவது ரைட்-ஃபிஷர் அல்லாத முறையில். இங்கே தொகை அளவு கொடுக்கப்படுவதில்லை, விளைகிறது. இனப்பெருக்கத்தை நாமே எழுத வேண்டும். தகுதி என்பது பிழைக்கும் வாய்ப்பு. 1ஐத் தாண்டினாலும் 1 என்றே பொருள். வழக்கமான அடர்த்திக் கட்டுப்பாடு ஒரே வரி: தாங்குதிறனைத் தற்போதைய எண்ணிக்கையால் வகுத்து எல்லோருடைய தகுதியோடும் பெருக்குவது. தாங்குதிறன் 1,000, ஒவ்வொன்றும் டிக்குக்கு (சிமுலேஷனின் ஒரு நேரப்படிக்கு) ஒரு குட்டி என்றால், இனப்பெருக்கம் முடிந்த கையோடு எண்ணினால் 2,000, இறப்பு முடிந்து எண்ணினால் 1,000. ஸ்கிரிப்டில் இறப்புக்கு முன் ஓடும் 'ஏர்லி' பகுதியில் எண்ணியவரும் பின் ஓடும் 'லேட்' பகுதியில் எண்ணியவரும் ஒரே மாடலைப் பற்றிச் சண்டை போடுவதைப் பார்க்கலாம்.

இதே மாடலில் 1.02 தகுதியுள்ள அல்லீல் (மரபணு வடிவம்) நிலைபெற்றால் தொகை 1,020 ஆகிவிடும். இது பிழையல்ல. இங்கே தகுதி ஒப்பீட்டளவில் அல்ல, நேரடியாகவே செயல்படுகிறது. நிலைபெற்ற மாற்றங்களைக் கணக்கிலிருந்து நீக்கும் அமைப்பு இந்த முறையில் இயல்பாக அணைந்திருப்பதும் இதனால்தான். வேகத்துக்காக அதை இயக்கினால், அல்லீல் நிலைபெற்ற மறு டிக்கில் தொகை திரும்ப 1,000க்கு இறங்கும். ரைட்-ஃபிஷரில் சிக்கல் நேர்மாறானது: அங்கே நீக்கம் இயல்பாகவே இயங்குகிறது. பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் பண்பை மாடல் செய்தால், ஒவ்வொரு நிலைபெறுதலிலும் பண்பின் மதிப்பு சத்தமில்லாமல் நகரும். அங்கே அணைத்துவையுங்கள்.

இனி நேரத்தின் அலகு. மேலே சொன்ன மாடலில் பாதி உயிர்கள் ஒவ்வொரு டிக்கிலும் பிழைக்கின்றன. குட்டி போடும் பெற்றோரின் சராசரி வயது 2, அதாவது ஒரு தலைமுறை 2 டிக். ஸ்லிம் சடுதி மாற்றத்தைப் பிறப்புக்கு ஒருமுறை போடுகிறது. யார் யாருடைய வழித்தோன்றல் என்ற மரபுவழி மரத்தைப் பதிவுசெய்து, நடுநிலை (நன்மையோ தீமையோ செய்யாத) மாற்றங்களைப் பிறகு எம்எஸ்பிரைம் என்ற இன்னொரு சிமுலேஷன் மென்பொருளில் தூவினால், அது டிக் கணக்கில் தூவும். வீதத்தைப் பாதியாக்காவிட்டால் மாற்றங்கள் இரட்டிப்பாகும். அதற்காக இந்த வசதியை விட்டுவிடாதீர்கள். நடுநிலை மாற்றங்களைச் சுமக்காமல் ஓட்டி, தொடக்ககால வரலாற்றைப் பின்னோக்கிச் சேர்ப்பதால் மிச்சமாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. பல உள்தொகைகள் இருந்தால் மட்டும், பின்னோக்கிய பகுதியில் அவற்றை இணைக்க இடப்பெயர்வோ பொது மூதாதைத் தொகையோ கொடுங்கள்; இல்லையேல் மரங்கள் ஒன்றுசேரவே சேராது.

இடஞ்சார் மாடல்களில் விளிம்புதான் தொல்லை. ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கம் அண்டை இல்லை, போட்டி குறைவு, ஆகவே அங்கே கூட்டம் சேரும். எல்லையைத் தாண்டும் குட்டிகளை எல்லைக்கோட்டிலேயே நிறுத்தினால் இன்னும் மோசம். எதிர்ப்பக்கத்தில் நுழையவிடும் சுழல் எல்லை வையுங்கள். முடியாவிட்டால், விளிம்பைக் கணக்கில் எடுக்கும் உள்ளூர் அடர்த்திச் செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். போட்டியின் அதிகபட்சத் தூரம், தூரத்தோடு போட்டி குறையும் வளைவின் திட்டவிலக்கத்தைப் போல் 3 மடங்கு போதும். கூட்டினால் ஓட்டம் தவழும்.

தொகையை 10ஆல் வகுத்து, மற்ற வீதங்களையும் தேர்வுக்கெழுக்களையும் 10ஆல் பெருக்கும் குறுக்குவழி ரைட்-ஃபிஷரில் சிறு கெழுக்களுக்குச் சரி. 0.2 அளவுக்குத் தீங்கான அல்லீல் அப்படிப் பெருக்கினால் உடனே கொல்லும் அல்லீலாகிவிடும். ரைட்-ஃபிஷர் அல்லாத முறையில் இதை முயலவே வேண்டாம்.

குறைகள் என்றால், 4ஆம் பதிப்பில் தலைமுறை, தகுதி தொடர்பான கட்டளைகளின் பெயர்கள் மாறியதால் பழைய ஸ்கிரிப்ட்கள் திருத்தாமல் ஓடா. கையேடு அருமை, ஆனால் மிகப் பெரியது. முகப்பின் மெனுவிலேயே இருக்கும் 'ரெசிபி'களில் உங்கள் மாடலுக்கு நெருங்கியதைத் திறந்து தொடங்குவது மேல். மரபணு விவரமே தேவைப்படாத இரை-கொன்றுண்ணி இயக்கவியல், படையெடுப்புப் பகுப்பாய்வு (புதிய வகை ஒன்று பரவுமா என்ற கணக்கு) போன்றவற்றுக்கு இது வீண் சுமை. வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வி போதும்.

பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டரில் ஓட்டும்போது மாறிலிகளைக் கட்டளை வரியில் கொடுங்கள். அதே மாறிலியை ஸ்கிரிப்டும் வரையறுத்தால் பிழை வரும், ஆகவே "ஏற்கெனவே இருக்கிறதா" என்று பார்த்துவிட்டு வரையறுக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் வெளியீட்டிலும் விதை எண்ணும் (சீரற்ற எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) ஸ்லிம் பதிப்பு எண்ணும் முதல் வரியில் இருக்கட்டும்.