லீசிங் ஏலமா, யப்பான் ஏலமா, ஊர்க் காரா?

லீசிங் தவணை கட்டாததால் கம்பனி சீஸ் பண்ணிய (பறித்தெடுத்த) காரை ஏலத்தில் எடுத்தால் மலிவு என்று யாழ்ப்பாணத்தில் இப்போது பலர் அலைகிறார்கள். விலை மலிவுதான். ஆனால் அந்தக் கார்களை நிறுத்தி வைத்திருக்கும் யார்டில் காரைச் சுற்றிப் பார்க்கலாம், பொனற்றைத் திறக்கலாம், சில இடங்களில் ஸ்டார்ட் பண்ணியும் காட்டுவார்கள், ஓடிப் பார்க்க விடுவதுதான் அரிது. கியர் வழுக்குகிறதா, ஏசி குளிருமா என்பதெல்லாம் காசு கட்டி வெளியே எடுத்த பிறகே தெரியும். இருக்கிற நிலையில்தான் விற்பனை, பிறகு போய்ச் சண்டை பிடிக்க முடியாது. தவணைக்கே காசில்லாதவர் சேர்விஸை ஒழுங்காகச் செய்திருப்பாரா? அக்குவா, பிரியஸ் என்றால், மாதக்கணக்கில் வெயிலில் நின்ற ஹைபிரிட் பற்றறியை நினைத்தே நான் ஏலத்தில் விலை கேட்க மாட்டேன். ஆல்ட்டோ, பழைய விட்ஸ் என்றால் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்த் துணியலாம். யார்ட் கொழும்புப் பக்கம் என்றால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கொண்டுவரும் செலவையும் சேருங்கள்.

யப்பான் ஏலத்தில் எடுத்து இங்கே இறக்குவது இதற்கு நேர் எதிர். காரை நீங்கள் தொடுவதே இல்லை, ஆனால் ஏல நிலையத்துப் பரிசோதகர் எழுதிய தாள் இருக்கிறது: தரம் 4.5 என்றால் நல்ல கார், ஆர் என்றால் அடிபட்டுத் திருத்தியது, படத்தில் ஏ1 சின்னக் கீறல், எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகம். இவ்வளவு விபரம் இங்கே எந்த புறோக்கரும் சொல்ல மாட்டார். ஆனால் தாளையே மாற்றி அடிக்கிறவர்களும் உண்டு, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பாமல் செசி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே சரிபாருங்கள். இடிப்பது வரிதான். 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், சரி, ஆனால் என்ஜின் கொள்ளளவை வைத்துப் போடும் எக்சைஸ் வரி, அதன் மேல் 18 வீத வற் என்று கட்டி முடிக்க, ஏல விலை சில்லறை போலத் தெரியும்.

முதல் கார் வாங்குகிறவருக்கு நான் ஊர்க் காரை, அதாவது இங்கேயே ஒருவர் ஓடி விற்கும் காரைத்தான் சொல்வேன். விலை கூட, புறோக்கர் கமிஷனும் உண்டு, ஆனாலும் காலையில் குளிர்ந்த என்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லலாம், மேடு பள்ளத்தில் ஓடிப் பார்க்கலாம், வழமையாக விட்ட கராஜில் போய் மெல்ல விசாரிக்கலாம். அட்வான்ஸ் கொடுக்க முன் வாகனப் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள்; லீசிங் கம்பனியின் பெயர் அதில் இன்னும் நின்றால், கடனை அடைத்துப் பெயரை எடுத்த பிறகே காசு.