ரீஅலாக்கோடு ஆறு வருடம்

தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும் சின்ன ப்ரோக்ராம் ஒன்றை ஆறு வருடமாக சி மொழியில் ஓட்டி வருகிறேன். "பட்டியல் தானா வளரணும்னா ரீஅலாக் போதுமாடா?" என்று நண்பன் போனில் கேட்டான். ரீஅலாக் என்பது ஏற்கனவே வாங்கிய நினைவக இடத்தைப் பெரிதாக்கித் தரும் சி ஃபங்க்ஷன். அதே ரீஅலாக் இழுத்துவிட்ட பழுதை மூன்று ராத்திரி உட்கார்ந்து அன்றைக்குத்தான் சரிசெய்திருந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இடம் வாங்கித் தரும் மாலாக், அதைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ மீது எனக்குக் குறையே இல்லை. "தமிழ்" என்ற சொல் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட், முடிவுக்கு ஒரு பூஜ்ஜிய பைட், ஆக 16. இந்தக் கணக்கு கைக்குப் படிந்துவிட்டது. இடம் கிடைக்காவிட்டால் ரீஅலாக் நல் (எந்த இடத்தையும் காட்டாத வெற்று மதிப்பு) தரும், பழைய இடம் பத்திரமாக இருக்கும். அதனால் விடையை முதலில் வேறொரு மாறியில் வாங்கிப் பார்ப்பதும் பழகிவிட்டது.

பழகாதது, ரீஅலாக் சொல்லாமல் வீடு மாற்றுவதுதான். எல்லாச் சொற்களையும் ஒரே பஃபரில், அதாவது ஒரே நீண்ட நினைவக இடத்தில், அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றின் தொடக்கத்துக்கும் அதன் முகவரியைக் காட்டும் ஒரு பாயிண்டர் வைத்திருந்தேன். பஃபர் வேறு முகவரிக்குப் போனால் அத்தனை பாயிண்டரும் காலி செய்த வீட்டு வாசலில் நிற்கும். ஆனால் பக்கத்து இடம் காலியாக இருந்தால், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி இருந்த இடத்திலேயே நீட்டிக் கொடுத்துவிடும். இத்தனை வருடம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. போன மாதம் பாயிண்டர் பட்டியலையும் வளரும்படி மாற்றினேன். அது பஃபருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நீள இடமில்லாமல் பஃபர் வீடு மாறியது. "கடல்" வரவேண்டிய இடத்தில் அரை எழுத்தும் கேள்விக்குறியும் வந்தன. ப்ரோக்ராம் விழவில்லை, தப்பாக எழுதிக்கொண்டே போனது. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்ததும் எந்த வரியில் இடம் விடுபட்டது, எந்த வரி அதைப் படிக்கிறது என்று இரண்டையும் காட்டிவிட்டது. அதன் ரீஅலாக் எப்போதும் இடம் மாற்றியே தரும். முதல் நாளே போட்டிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

இப்போது பாயிண்டருக்குப் பதில், பஃபரின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணை மட்டும் வைக்கிறேன். பஃபர் எங்கே போனாலும் கவலையில்லை. லினக்ஸில் பெரிய பஃபர் என்றால், பைட் பைட்டாக நகல் எடுக்காமல் எந்த முகவரி நினைவகத்தில் எங்கே என்று சொல்லும் பக்க அட்டவணையை மட்டும் மாற்றி நகர்த்திவிடுகிறது. அந்த வேகத்தைப் பார்க்க மனசு குளிர்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

நண்பனிடம், இந்த நினைவக வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் பைத்தான் மொழியில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.