நோஸ்ஃபெராட்டு ப்ளூ-ரே: உறையில் 'மூல நெகட்டிவிலிருந்து 4கே' என்று இருந்தால் வாங்காதீர்கள்

ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்து 1922-இல் வெளியான ரத்தக்காட்டேரி மௌனப்படம் 'நோஸ்ஃபெராட்டு'. அதன் ப்ளூ-ரே ஒன்று இணையக் கடைகளில் சுற்றுகிறது. உறையின் முன்பக்கம் 'மூல நெகட்டிவிலிருந்து 4கே மீட்டெடுப்பு', பின்பக்கம் 'முழு நீளப் பதிப்பு, அகலத்திரை'. விலையும் நல்ல பதிப்புக்கு உண்டான விலைதான். உள்ளே இருப்பதோ பழைய டிவிடியைப் பெரிதாக்கி எழுதிய வட்டு. விற்றவரிடம் கேட்டால், 'நூறு வருஷப் படம் சார், இப்படித்தான் இருக்கும்' என்கிறார். இருக்காது.

முதலில் அந்த நெகட்டிவ் கதை. இந்தப் படத்தின் மூல நெகட்டிவ், அதாவது கேமராவில் ஓடிய பிலிம், இன்று இல்லவே இல்லை. அனுமதி இல்லாமல் 'டிராகுலா' நாவலைப் பெயர் மாற்றிப் படமாக்கியதற்காக, அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் தொடுத்த வழக்கில், நெகட்டிவையும் பிரதிகளையும் அழிக்கும்படி 1925-இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் பிழைத்தது அங்கங்கே தப்பிய பிரதிகளால்தான். முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாத்துவா 2005–06-இல் செய்த மீட்டெடுப்புக்கு அடிப்படை, பிரெஞ்சு சினிமாத்தேக் என்ற திரைப்படக் காப்பகத்தில் இருந்த, சாயம் ஏற்றிய 1922-ஆம் ஆண்டு நைட்ரேட் (பழைய வகை பிலிம்) பிரதி. ஆக, 'மூல நெகட்டிவ்' என்று போட்டவர் எந்தப் பிரதியையும் ஸ்கேன் செய்யவில்லை என்று தைரியமாக முடிவுகட்டலாம். அமெரிக்காவில் படத்துக்குக் காப்புரிமை இல்லை, யாரும் வட்டு போடலாம். அது குற்றமில்லை, உறையில் புளுகுவதுதான் குற்றம்.

வாங்கும் முன்பே கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. படத்தின் நீளம் 1,967 மீட்டர். 35 மி.மீ. பிலிமில் மீட்டருக்குச் சுமார் 52.5 ஃபிரேம், ஆக மொத்தம் ஏறக்குறைய 1,03,000 ஃபிரேம். நொடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் 95 நிமிடம் வரும். பேசும்பட வேகமான 24-இல் ஓட்டினால் 72 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆட்கள் கோழி மாதிரி துள்ளித் துள்ளி நடப்பார்கள். உறையில் 94, 95 என்று இருந்தால் மேலே படியுங்கள். 80 நிமிடத்தை ஒட்டி இருந்தால் வேகம் கூடியிருக்கிறது, அல்லது வெட்டு விழுந்திருக்கிறது. 63 என்று இருந்தால் இரண்டுமே நடந்திருக்கிறது: 24 வேகத்தில் 63 நிமிடத்துக்கு 90,720 ஃபிரேம்தான் கொள்ளும், மீதி பன்னிரண்டாயிரம் காணோம்.

'அகலத்திரை' என்பதைப் பெருமையாகப் போட்டிருப்பதுதான் உச்சம். மௌனப்படத்தின் படச்சட்டம் அகலம் 1.33-க்கு உயரம் 1. அதை 16:9 திரை முழுக்க நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். படத்தின் ரத்தக்காட்டேரியான கவுண்ட் (பிரபு) ஓர்லோக்கின் உயரமும் மெலிவும்தான் அவருடைய பயங்கரம். அவரைச் சுற்றிய வளைவுகளும் வாசல்களும் அதற்காகவே படச்சட்டத்துக்குள் வந்தவை. தலையையும் காலையும் நறுக்கிவிட்டால் அங்கே நிற்பவர் வெறும் மொட்டைத்தலைக் கிழவர். சரியான பதிப்பில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும். அதைக் குறை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது சாயம். இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, பிரதியில் நீலம் ஏற்றி இரவாக்கினார்கள். சாயத்தை உரித்துக் கறுப்பு வெள்ளையாக விட்டால், சூரிய ஒளி பட்டால் அழிந்துபோகும் கவுண்ட், பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நடப்பார்! கதையே கவிழ்ந்துவிடும். வட்டு போட்டவுடன் நேராக அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வசன அட்டைகளில் ஓர்லோக், ஹுட்டர், எல்லென் என்ற பாத்திரப் பெயர்களும் விஸ்போர்க் என்ற ஊர்ப் பெயரும் இருக்க வேண்டும். டிராகுலா, ஹார்க்கர் என்று நாவலின் பெயர்கள் வந்தால் அது பழைய ஆங்கிலப் பிரதியின் வாரிசு. இசை மட்டும் ஆளுக்கொன்றாக இருக்கலாம், தவறில்லை. படத்துக்கு முதலில் இசையமைத்த ஹான்ஸ் எர்ட்மானின் இசையை மறுகட்டமைத்துச் சேர்த்த பதிப்பு கிடைத்தால் நல்லது. பத்து நிமிட ஆர்கன் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

பெரிதாக்கிய டிவிடியைப் பிடிக்க, கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் படத்தை நிறுத்தி, ஆங்கில ஈ எழுத்து விசையை அழுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். 18-ஐ 24-ஆக ஒழுங்காக மாற்றியிருந்தால் மூன்று ஃபிரேமுக்கு ஒரு முறை அச்சு அசலாக ஒரு நகல் வரும். அது சரியான வேலை. நகலுக்குப் பதில் கை இரண்டாக, பேய்போல மங்கலாகத் தெரிந்தால், தொலைக்காட்சி வேகத்துக்கு மாற்றியபோது கலந்துபோன ஃபிரேம்கள் அவை. நகரும் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரிந்தால் இன்டர்லேஸ், அதாவது ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் தனித்தனியாகக் காட்டும் பழைய தொலைக்காட்சி முறை. முகங்களில் பிலிமுக்கே உரிய துகள் இல்லாமல் மெழுகாக இருந்தால் இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறி ஓட்டியிருக்கிறார்கள். வீடியோ கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பின் அளவையும் பாருங்கள். 25 ஜிபி கொள்ளும் வட்டில் முழுப்படமும் 5, 6 ஜிபிக்குள் அடங்கியிருந்தால் வட்டு காலியாகத்தான் கிடக்கிறது. வட்டைத் திருப்பினால் ஓரிடத்தில் நிறம் மாறி வளையம் தெரிகிறதா? அதுவரை எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆலையில் அச்சான வட்டு அல்ல.

குறை அல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கோச்சு வண்டி காட்டில் வெடுக்கென்று பாய்வதும், மரங்கள் நெகட்டிவாக வெள்ளையாகத் தெரிவதும் முர்னாவ் வேண்டுமென்றே செய்தவை. கீறல்களும் லேசான ஒளித்துடிப்பும் நல்ல மீட்டெடுப்பிலும் மிச்சமிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது 'படம் தெளிவாக இல்லை' என்று எழுதாதீர்கள். அதை ரசனைச் சண்டையாக்கிவிடுவார்கள். 'விவரித்ததற்கு மாறான பொருள்' என்று எழுதி, உறையின் இரு பக்கப் படம், வட்டின் அடிப்பக்கப் படம், மீடியாஇன்ஃபோ அறிக்கை, கலந்த ஃபிரேம் இரண்டு ஆகியவற்றை இணையுங்கள். விற்பனைப் பக்கத்தையும் முதல் வேலையாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் அதிலுள்ள 'மூல நெகட்டிவ்' வரியைத்தான் முதலில் நீக்குகிறார்கள்.