வார இதழா, மாதமிருமுறை இதழா: எங்கள் படிப்பக மேசைக்கு வந்தது எது?

காட்பாடி காந்தி நகரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தில், ஆங்கிலச் செய்தி இதழ்களில் ஒன்றுக்கு மட்டுமே சந்தா கட்ட முடியும் என்ற நிலை இந்த ஆண்டு வந்தது. கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று, வாரந்தோறும் வரும் ‘இந்தியா டுடே’. மற்றது, மாதம் இருமுறை வரும் ‘ஃபிரண்ட்லைன்’. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதற்காக அதிகம் வாதாடியவன் நான்தான் என்பதால், இந்த அலசலில் தராசு கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

விலை, பக்க எண்ணிக்கை, படங்களின் தரம் எல்லாம் கடையில் புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வார இதழ் பார்வைக்கு எடுப்பானது, கட்டுரைகள் சிறியவை, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு முடித்துவிடலாம். ஃபிரண்ட்லைனுக்கு உட்கார்ந்து படிக்கும் பொறுமை வேண்டும். எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தியா டுடே 1975 டிசம்பரில், நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது தொடங்கியது. அதுவும் முதலில் மாதமிருமுறை இதழ்தான். 1997-இல்தான் வார இதழானது. இந்து குழுமத்தின் ஃபிரண்ட்லைன் 1984 டிசம்பரில் வந்தது. தனியார் தொலைக்காட்சிகள் வராத அந்த நாட்களில், டெல்லியில் நடப்பதற்கு முகமும் பின்னணியும் கொடுத்தவை இத்தகைய இதழ்கள்தான். அட்டையில் என்ன வந்ததோ அதைப் பற்றியே அடுத்த இதழ் வரும்வரை பேசினார்கள். இன்று அந்த வேலையைக் கைபேசி பிடுங்கிக்கொண்டுவிட்டது.

நம் ஊர் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரல் 16 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. பணப் பட்டுவாடா புகாரால் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. செய்தி அன்று இரவே சத்துவாச்சாரியிலிருந்து பாகாயம் வரை எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கடைக்கு வரும் வார இதழ், ‘என்ன நடந்தது’ என்று நமக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நமக்கு வேண்டியிருந்தது வேறு. பணம் பிடிபட்டதற்காகத் தொகுதி முழுவதற்கும் தேர்தலை நிறுத்துவது சரியா, அந்த அதிகாரம் சட்டத்தில் எங்கே இருக்கிறது, பணம் வாங்காத வாக்காளர் செய்த குற்றம் என்ன என்ற கேள்விகள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி தேர்தல் நடந்து, 8,141 வாக்குகள் வித்தியாசத்தில் தி.மு.க. வென்ற பிறகும் எங்கள் மேசையில் அந்த வாதம் ஓயவில்லை. இப்படிப்பட்ட கேள்விக்கு இரண்டு பக்கம் போதாது. எட்டுப் பக்கம் வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: பழைய இதழை மறுபடி எடுத்துப் படிக்க முடிகிறதா?

படிப்பகத்துக்குச் சட்டம் படிக்கும் பெண் ஒருவர் வருவார். பாலாறும் தோல் தொழிற்சாலைக் கழிவும் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று பழைய கட்டுகளைக் கேட்டார். இந்த வழக்கு நம் மாவட்டத்தின் பெயரிலேயே சட்டப் புத்தகங்களில் ஏறியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் தொடுத்த மனு. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அதில் உறுதியாகச் சொன்னது. அன்றைய வட ஆற்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று இதே மாசுபாட்டுக்காக இழப்பீடு கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டது. 1991 முதல் 2025 வரை ஒரே ஆறு, ஒரே கழிவு.

முப்பத்து நான்கு ஆண்டுகள் இழுக்கும் இப்படி ஒரு விவகாரத்தை வாரக் கணக்கில் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் புதிய பரபரப்பாகத் தெரியும். முன்கதை எங்கும் இருக்காது. தீர்ப்பு என்ன சொன்னது, யார் நிறைவேற்றவில்லை, பணம் எங்கே நின்றது என்று முன்கதையையும் சேர்த்து எழுதுவதற்கு ஃபிரண்ட்லைன் பக்கங்களை ஒதுக்குகிறது. அதைத்தான் அந்தப் பெண் மேசையில் பரப்பிவைத்துக் குறிப்பெடுத்தார். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் அதே அலமாரியைத்தான் தேடிப் போகிறார்கள்.

காகிதமாக வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பளபளப்புத் தாள், நடுவில் கம்பிப் பின். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் எழுத்து ஒரு பக்கமும் தாள் ஒரு பக்கமுமாகப் போகும். பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் இரண்டு பழுப்புப் பொட்டுகள் விழும். பழைய பேப்பர் கடையிலும் இவற்றுக்கு மதிப்பில்லை. பொட்டலம் கட்ட உதவாத தாள் என்று செய்தித்தாளைவிடக் குறைத்துத்தான் கேட்பார்கள். ஆகவே பைண்டிங் செய்து காப்பாற்றும் செலவு நம் தலையில்தான். அந்தச் செலவுக்குத் தகுதியானது எது என்று யோசித்தபோது, வார இதழின் கட்டு எனக்குத் தோற்றுப்போனது.

‘பழைய கட்டுரைகள்தான் இணையத்தில் கிடைக்கின்றனவே’ என்று கூட்டத்தில் ஒருவர் மடக்கினார். நியாயமான வாதம். இந்தியா டுடேயின் எழுபதுகளின் கட்டுரைகளைக்கூட அதன் இணையதளத்தில் படிக்கலாம். ஆனால் எங்கள் மூத்த உறுப்பினர்கள் கைபேசியில் நீண்ட கட்டுரை படிப்பவர்கள் அல்ல. நான்கு பேர் ஒரே பக்கத்தைச் சுற்றி நின்று சண்டை போடுவதற்கும் காகிதம்தான் தோது.

அடுத்த ஆட்சேபம் பலமானது. ஃபிரண்ட்லைன் இடது பக்கம் சாய்ந்த இதழ். உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு மாற்றாக வார இதழை வாங்குவதைவிட, 1970-இல் சோ தொடங்கி இப்போது எஸ். குருமூர்த்தி ஆசிரியராக இருக்கும் ‘துக்ளக்’கையும் அதன் பக்கத்தில் வைத்துவிடலாம் என்றேன். இரண்டுமே தங்கள் சார்பை ஒளிக்காதவை. எங்கே நிற்கிறார் என்று தெரிந்தவரோடுதான் வாதாட முடியும். இருதரப்பையும் ஆளுக்கொரு பத்தியாக வைத்துவிட்டு நழுவும் கட்டுரையோடு என்ன சண்டை போடுவது? தமிழ் இதழ் என்பதால் துக்ளக்குக்கான தொகை தனிக் கணக்கில் வந்தது; யாரும் மறுக்கவில்லை.

வார இதழ் விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தமிழ் இந்தியா டுடே 2015-இல் நின்றுபோனது. வாஸந்தி ஆசிரியராக இருந்த காலத்தில் ஆங்கிலம் படிக்காதவருக்கும் டெல்லி அரசியலை அது மேசைக்குக் கொண்டுவந்தது. இலக்கியத்துக்குத் தனி மலரும் போட்டது. அது இன்னும் வந்துகொண்டிருந்தால் என் ஓட்டு மாறியிருக்கக்கூடும். ஆங்கில இதழ் எங்களில் சிலரைத்தான் எட்டுகிறது. இந்தக் குறை ஃபிரண்ட்லைனுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றிலும் வார இதழை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆண்டுக்கு இருமுறை வரும் ‘நாட்டின் மனநிலை’ கருத்துக்கணிப்பு. கணிப்பை அப்படியே நம்புகிறேன் என்று பொருளல்ல. ஆனால் ‘அடுத்த பிரதமர் யார்’ போன்ற கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், பழைய கணிப்போடு புதியதை வைத்துப் பார்க்க முடிகிறது. நான் சொன்ன பழைய இதழ் அளவுகோலில் வார இதழ் ஜெயிக்கும் ஒரே இடம் இதுதான்.

‘அவுட்லுக்’, கொச்சியிலிருந்து வரும் ‘தி வீக்’ இரண்டையும் நான் தொடர்ந்து படித்தவன் அல்லன். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆரணியிலும் குடியாத்தத்திலும் படிப்பகம் நடத்தும் நண்பர்களுக்கு என் அனுபவம் அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். தேர்வுக்குப் படிப்பவர்கள் வராத இடத்தில் வார இதழே அதிகம் கைமாறலாம்.

சந்தாவில் வாங்குபவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: இதழ் வழியில் எங்கேனும் தங்கித் தாமதமாகத்தான் வந்து சேரும். வார இதழ் ஒரு வாரம் தள்ளி வந்தால் அடுத்த இதழ் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும். மாதமிருமுறை இதழுக்கு அந்தத் தாமதம் பெரிதாக உறைப்பதில்லை. கருத்துக்கணிப்பு வரும் இரண்டு வார இதழ்களை மட்டும் பழைய பேருந்து நிலையப் பக்கம் போகிறவர் யாராவது கடையில் வாங்கி வந்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது.