ஓட்டை விழுந்த சென்டார்: குறைந்த காசில் குடியிருக்க ஒரு பாய்மரப் படகு

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரையோரச் சேற்றுக் கழிகளில், கடல் வற்றிக் கிடக்கும் வேளையில் நடந்துபோனால், இரண்டு கால்களை ஊன்றி நிற்பதுபோல் நிமிர்ந்து நிற்கும் பழைய கண்ணாடியிழைப் படகுகளைக் காணலாம். அவற்றுள் பல ‘வெஸ்டர்லி சென்டார்’ வகையைச் சேர்ந்தவை. புயலில் தளை அறுந்து கல் துறைச்சுவரில் மோதி, வலப்பக்கம் உடைந்து, படகுக்கொட்டிலின் மூலையில் மூன்றாண்டு கிடந்த ஒரு சென்டாரை 400 பவுண்டுக்கு வாங்கி, எட்டு மாதம் செப்பனிட்டு, இப்போது பதினான்கு மாதமாக அதிலேயே குடியிருக்கிறேன். கையில் அதிகப் பணம் இல்லாமல், ஆனால் உழைக்கும் மனத்தோடு, இதே வழியில் இறங்க நினைப்பவருக்கு இந்த வகைப் படகு ஏற்றதா என்பதைப் பற்றியே இம்மதிப்புரை.

முதலில் படகைப் பற்றிச் சில செய்திகள். லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பு நிறுவனம் வரைந்த இந்தப் படகு, போர்ட்ஸ்மவுத்துக்கு அருகிலுள்ள வாட்டர்லூவில் என்ற ஊரில் 1969 முதல் 1980 வரை கட்டப்பட்டது. மொத்தம் 2,400க்கும் மேல் கட்டினார்கள். நீளம் 26 அடி, அகலம் ஏறத்தாழ 2.57 மீட்டர், எடை சுமார் 3 டன். படகின் அடியில் ஆழத்தில் இறங்கும் கீல் என்ற எடைக்கட்டை, அதாவது நம் வள்ளங்களில் ஏரா இருக்கும் இடத்தில் அமைந்த வார்ப்பிரும்புத் தகடு, இதில் நடுவில் ஒன்றாக இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கிறது. அதனால் படகு தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 0.91 மீட்டரே. அதைவிட முக்கியமானது, வற்றம் வந்தால் படகு சாயாமல் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும் என்பது. வாழும் படகாக இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதற்காரணம். எந்நேரமும் தண்ணீர் நிற்கும் மரீனா என்ற படகு நிறுத்தத் துறையில் இடம் பிடிக்கும் வாடகையும், நாளுக்கு இருமுறை வற்றிப் போகும் சேற்றுத் துறையில் இடம் பிடிக்கும் வாடகையும் ஒன்றல்ல. ஒற்றைக் கீல் படகுகள் பலவற்றுக்குச் சரிப்படாத இரண்டாவது இடம் இதற்குத் தாராளமாகப் போதும்.

இப்போது ஓட்டையைப் பற்றி. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, இரண்டடி நீளத்துக்கு ஓரடி உயரத்துக்கு உடைந்து உள்ளே தெரிந்த அந்த இடத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அந்தப் படகைத் தொடவில்லை. விலை 400 பவுண்டுக்கு இறங்கியதும் அதனால்தான். உண்மையில் முழுப் பணியிலும் மலிவாக முடிந்த வேலை அதுதான். பொருள்களுக்கு 260 பவுண்டு ஆனது.

மண்பானையைத் தட்டி வாங்குவதுபோல், சுத்தியல் கைப்பிடியால் ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனால், கணீரென்று ஒலிப்பது நல்ல இடம், மந்தமாக ஒலிப்பது அடுக்குப் பிரிந்த இடம். மந்த ஒலி நிற்கும் வரை வெட்டி எடுத்தபோது ஓட்டை இன்னும் பெரிதானது. ஆயினும் மூலைகளில்லாத நீள்வட்டமாக வெட்டியதால் பின்னர் விரிசல் ஓட இடமில்லை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி மூன்று வாரம் உலரவிட்டேன். பிறகு உடற்சுவரின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்கு விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும்; கனம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான சரிவு. இந்தச் சரிவைச் சுருக்கினால் ஒட்டு பார்வைக்கு நன்றாக இருக்கும், அடுத்த மோதலில் கையோடு வந்துவிடும்.

வெளிப்புறத்தில் மெழுகு பூசிய வழவழப்பான பலகையை வளைவுக்கேற்ப திருகாணியால் இறுக்கி அதையே அச்சாகக் கொண்டு, உள்ளிருந்து கண்ணாடியிழைத் துணியை அடுக்கினேன். பிசினுக்கு ‘வெஸ்ட் சிஸ்டம்’ 105 எபாக்சியும், அதன் 205 விரைவுக் கடினமாக்கியும் பயன்படுத்தினேன். ஐந்து பங்கு பிசினுக்கு ஒரு பங்கு கடினமாக்கி. சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டி ஊற்றும் பழக்கம் பாலியெஸ்டர் என்ற மற்றொரு பிசினோடு வேலை செய்தவர்களுக்கு உண்டு. எபாக்சியில் அது வேகத்தைக் கூட்டாது, பலத்தைத்தான் குறைக்கும். பாலியெஸ்டர் விலை குறைவு, ஆனால் பழைய, இறுகிப்போன சுவரில் எபாக்சி பிடிப்பதுபோல் அது பிடிப்பதில்லை. உடற்சுவரில் மட்டும் காசைப் பார்க்காமல் எபாக்சிக்குச் செலவிட்டது சரியான முடிவு என்று இன்றும் எண்ணுகிறேன். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெட்டிய இழைகளைத் தூவிச் செய்த பாய்த்துணியில் இழைகளைச் சேர்த்துவைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில்தான் கரையும், எபாக்சிக்குத் தைத்த குறுக்குநெடுக்குத் துணியே ஏற்றது. இறுகிய எபாக்சியின்மேல் படியும் வழுவழுப்பான படலத்தை வெறும் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் பிசுக்கை மீண்டும் உள்ளே தேய்த்து இறக்குகிறோம் என்று பொருள்.

ஓட்டை அத்தோடு முடிந்தது. பணத்தையும் உறக்கத்தையும் தின்றது கீல்கள்தாம்.

விற்றவர் விளம்பரத்தில் “கீல் இணைப்புகள் அண்மையில் பூசப்பட்டவை” என்று எழுதியிருந்தார். படகு முழுவதும் பூச்சு உரிந்து கிடக்க, இரண்டு கீல்களும் உடலோடு சேரும் கோட்டில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குப் புதுப் பூச்சு பளபளத்தது. அதைப் பார்த்தவுடனேயே எனக்கு ஐயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வாங்கிய பிறகு பளுதூக்கியில் தொங்கவிட்டு, ஒருவர் உள்ளே விளக்கோடு படுத்திருக்க, மற்றொருவர் கீலின் நுனியைப் பிடித்து அசைத்துப் பார்த்தபோது, இடது கீலோடு படகின் உட்தரையும் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது.

இது இவ்வகைப் படகைப் பற்றி அறிந்தவர்கள் அனைவரும் பேசும் செய்திதான். கீல்கள் வெளிப்பக்கமாக விரிந்து நிற்பதால், சேற்றில் உட்காரும் ஒவ்வொரு முறையும் படகின் எடை அவற்றை இன்னும் விரிக்கப் பார்க்கிறது. ஏற்றம் வரும் அரைமணி நேரத்தில் சிற்றலைகள் படகைத் தூக்கித் தூக்கிப் போடும்போது, கீல் நெம்புகோலாகி, அது பொருந்தியிருக்கும் அடிச்சுவரை வளைக்கிறது. நாளுக்கு இருமுறை, ஐம்பது ஆண்டு. இரும்புக்கு ஒன்றும் ஆவதில்லை, போல்ட்டுகளும் பெரும்பாலும் தாங்கும். களைத்துப்போவது கண்ணாடியிழைச் சுவர். ஆக, படகைக் குறைந்த வாடகையில் நிறுத்த உதவும் அதே அமைப்புத்தான் படகின் பலவீனமான இடமும் ஆகிறது. இதை உணர்ந்துகொண்டு வாங்குகிறவருக்கு இது குறையன்று, ஒரு செலவுக் கணக்கு.

கீல்களை ஒவ்வொன்றாக இறக்கி, பொருந்தும் முகத்தைத் தூய்மைசெய்து, பாலியூரிதேன் பசையில் மீண்டும் அமர்த்தி, மரைகளுக்குக் கீழே பெரிய எஃகுத் தகடுகளை வைத்தேன். அதன்பின் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மூன்று குறுக்குக் கட்டைகளை ஒரு கீலின் மேலிருந்து மறு கீலின் மேல்வரை ஓடும்படி பொருத்தி, ஓரங்களில் எபாக்சிப் பசையை வளைவாக நிரப்பி, மேலே ஐந்து அடுக்குத் துணி போர்த்தினேன். ஒரு கட்டையின் அடியில் நீர் வழிந்தோடத் துளைவிட மறந்துபோய், மழைநீர் அங்கே குளமாகத் தேங்கிய பிறகு துளையிட்டது என் அறிவுக்குறை. பொருள் 350 பவுண்டு. ஆனால் தூக்கி இறக்கும் கூலியும், இதற்கென்றே கூடுதலாகக் கொட்டிலில் கிடந்த மூன்று மாத வாடகையும் சேர்த்தால் அதன் மூன்று மடங்கு. சென்டார் வாங்குகிறவர் ஓட்டையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். தூக்கித் தொங்கவிட்டுப் பார்க்காமல் மட்டும் பணத்தை எண்ண வேண்டாம்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இவ்வகையில் பலவற்றில் வந்தது வால்வோ பென்டாவின் 25 குதிரைத்திறன் டீசல் இயந்திரம். உடைந்த பக்கம் வழியாக இறங்கிய மழைநீரில் கழுத்தளவு மூழ்கிக் கிடந்த என்னுடையது சுற்ற மறுத்துவிட்டது. அதை வெளியேற்றிவிட்டு, பின்பலகையில் நீண்ட தண்டுடைய பழைய பெட்ரோல் வெளியியந்திரம் ஒன்றை மாட்டினேன். அமைதியான கழியில் அது போதும். எதிரலையில் பின்பக்கம் தூக்கும்போதெல்லாம் அதன் விசிறி காற்றில் அலறும். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் கம்பிகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன, ஆனால் பத்தாண்டு கடந்த கம்பிகளோடு காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்கும் என்பதால் அனைத்தையும் மாற்றினேன். 900 பவுண்டு. இதில் சிக்கனம் பார்க்க வழியில்லை.

குடியிருப்புக்கு வருவோம். 26 அடிப் படகுக்கு உள்ளிடம் வியப்பூட்டும் அளவு தாராளம். சராசரி உயரமுள்ளவர் நடு அறையில் நிமிர்ந்து நிற்கலாம். பழைய வெஸ்டர்லிகளில் கூரைத்துணியின் பின்னாலுள்ள நுரை, காலப்போக்கில் பொடிந்து, துணி கல்யாணப் பந்தல்போல் தொங்கும்; ஆங்கிலேயப் படகுக்காரர்கள் இதற்கென்றே ஒரு கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை உரித்த இரண்டு நாளும் தலையெல்லாம் காவிப்பொடி. ஆனால் உரித்தது நல்லதாயிற்று, ஏனெனில் அந்த வெற்றுச் சுவரில் ஈரத்தை உறிஞ்சாத அடர்நுரைத் தகடுகளை ஒட்ட முடிந்தது. ஒற்றைச் சுவர்ப் படகில் குளிர்காலம் கழிப்பவருக்குக் குளிரைவிடப் பெரிய பகை வியர்வை: மூச்சும் சோறு வடிக்கும் ஆவியும் இரவெல்லாம் சுவரில் படிந்து, காலையில் மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். நுரைத்தகடும், மெத்தைக்கு அடியில் காற்றோடும் சட்டமும், டீசலில் எரியும் சிறு வெப்பமூட்டியும் வந்த பிறகே உள்ளே புத்தகங்கள் வைக்கத் துணிந்தேன். எரிபொருள் எரியும் எந்தக் கருவியோடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையருகில் மாட்டுவது செலவுப்பட்டியலில் முதல் வரியாக இருக்க வேண்டும். சூரியத்தகடு கோடையில் எல்லாவற்றுக்கும் போதும்; டிசம்பரில் கைப்பேசியையும் ஒரு விளக்கையும் காப்பாற்றினால் பெரிது. கரையிலிருந்து மின்கம்பி வரும் துறையாகப் பார்ப்பதே அறிவு.

பாய் விரித்து ஓட்டுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றுக்கு எதிராக நெருங்கிப் போவதில் ஒற்றைக் கீல் படகு இதை முந்திவிடும். பக்கக்காற்றில் இது நிதானமாக, நம்பகமாக ஓடும். வீடாக வைத்திருப்பவருக்கு அது போதும்.

கணக்கைச் சொல்லி விடுகிறேன். வாங்கிய விலை 400 பவுண்டு; எட்டு மாதக் கொட்டில் வாடகை மட்டும் 1,600 பவுண்டு, எந்தத் தனிப்பொருளையும்விட அதுவே அதிகம்; யாவும் சேர்த்து 6,000 பவுண்டைச் சற்றுத் தாண்டியது. வாரக்கடைசியில் மட்டும் வேலைசெய்து இரண்டு ஆண்டு இழுப்பவருக்கு, நல்ல நிலையிலுள்ள சென்டாரை நேராக வாங்குவதே மலிவாக முடியலாம். மேலும், படகில் நிரந்தரமாகக் குடியிருப்பதைப் பல மரீனாக்கள் ஒப்பந்தத்திலேயே தடுக்கின்றன. அதனால் படகைத் தேடுமுன் குடியிருக்க விடும் துறையைத் தேடி, எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். நான் இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்து ஏழு துறைகளில் கேட்டலைந்தேன்.

சன்னல்களில் இரண்டு இன்னும் ஒழுகுகின்றன. வரும் ஏப்ரலில் அடிப்பூச்சுக்காகப் படகைத் தூக்கும்போது, பூச்சைத் தொடுமுன், மீண்டும் ஒருவரை உள்ளே விளக்கோடு படுக்கவைத்து இடது கீலை அசைத்துப் பார்க்கப் போகிறேன்.