விக்கிக்கு கிட்: உள்ளேயா, பின்னாலா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கணினி வேலை பார்க்கும் பட்டறைக்கு ஒரு விக்கி, அதாவது எல்லாரும் உலாவியிலேயே திருத்தக்கூடிய பக்கங்களின் தொகுப்பு, தேவைப்பட்டது. சிஎன்சி செட்டிங், கூலன்ட் மாற்றும் முறை, ஃபிக்சர் படங்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவிலும் பழைய நோட்டுகளிலும் சிதறிக் கிடந்தன. ஆடிட்டுக்கு வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: இந்த முறையை யார் மாற்றியது, எப்போது, அதற்கு முன் என்ன இருந்தது? ஐஎஸ்ஓ 9001:2015-இன் 7.5.3 பிரிவு ஆவண மாற்றங்களைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்கிறது. எனவே விக்கியோடு கிட்டும் (கோப்புகளில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி) வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் நிறையப் பேசினோம்.

விக்கி தன் வரலாற்றை எங்கே வைக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வகை உண்டு. மீடியாவிக்கி எல்லாத் திருத்தங்களையும் தரவுத்தளத்தில் வைக்கிறது. டோக்குவிக்கி ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண உரைக் கோப்பாக வைத்து, பழைய பதிப்புகளைச் சுருக்கித் தனி அடைவில் போடுகிறது. கோல்லம், இக்கிவிக்கி போன்றவற்றில் கிட்தான் கிடங்கு. பக்கத்தைச் சேமித்தால் அது ஒரு கமிட், அதாவது கிட்டில் பெயரோடும் நேரத்தோடும் விழும் ஒரு பதிவு.

மீடியாவிக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவே அதில்தான் ஓடுகிறது, அதன் வலிமையில் சந்தேகம் இல்லை. அதன் பக்கங்களை கிட் களஞ்சியமாக இறக்கித் தரும் இணைப்புக் கருவியும் இருக்கிறது, ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு கமிட்டாக மாற்றித் தரும். ஆனால் அது ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மூலம் கேட்டுக் கேட்டு இறக்குவதால் பெரிய விக்கிகளில் மெதுவாக நகர்கிறது. அதோடு எங்களைப் போன்ற இடத்தில் தரவுத்தளம் என்பது கவனிக்க வேண்டிய இன்னொரு ஆள். அதனால் விட்டுவிட்டோம்.

கிட்டையே கிடங்காகக் கொண்ட விக்கிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஜோயி ஹெஸ் 2006-இல் வெளியிட்ட இக்கிவிக்கியின் அமைப்பு அழகானது. உலாவியில் திருத்தினாலும், உங்கள் கணினியில் திருத்திப் புஷ் செய்தாலும் (கிட் வழியாகச் சர்வருக்கு அனுப்பினாலும்), இரண்டும் ஒரே களஞ்சியத்துக்குப் போய், பக்கங்கள் எச்டிஎம்எல் ஆகின்றன. வரலாறு ஒரே இடத்தில் இருக்கிறது. கோல்லமும் அப்படியே, ஆனால் அதற்கென்று உள்நுழைவு வசதி கிடையாது. உள்நுழைவைக் கவனிக்கும் வேறொன்றை முன்னால் வைத்துப் பெயரை அனுப்பினால்தான் கமிட்டில் சரியான ஆள் பெயர் விழும். இல்லையென்றால் எல்லாத் திருத்தமும் ஒரே பெயரில் போகும். ஆடிட்டில் முதலில் கேட்கப்படுவதே அந்தப் பெயர்தான்.

ஆனாலும் நான் தேர்ந்தெடுத்தது டோக்குவிக்கியும் அதன் கிட்பேக்டு செருகுநிரலும். ஒரே ஒரு காரணம்தான்: ஒரே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் மாற்றி மோதல் வந்தால் அதைப் பிரித்துவிடுவது யார்?

கிட் வரி வரியாகத்தான் ஒப்பிடும். போனில் தமிழில் தட்டும் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒரு பத்தியை இடையில் என்டர் போடாமல் எழுதுவார். கிட்டின் கண்ணுக்கு அந்தப் பத்தி முழுவதும் ஒரே வரி. அதே பத்தியில் இன்னொருவர் வேறொரு வாக்கியத்தை மாற்றினால், இருவரும் தொட்ட இடம் வேறாக இருந்தும் கிட் அதை மோதல் என்றே சொல்லும். இக்கிவிக்கி அப்போது மோதல் குறிகளோடு உரையைத் திருத்துபெட்டியில் காட்டிச் சரிசெய்யச் சொல்கிறது. நிரலாளருக்கு அது ஒரு நிமிட வேலை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கையில் எண்ணெயோடு, இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரிடம் அதைக் காட்டக் கூடாது. ஒருமுறை மிரண்டால் அவர் மறுபடி நோட்டுக்குப் போய்விடுவார், விக்கி கணினிக்காரர்களின் பொருளாகிவிடும்.

டோக்குவிக்கியில் ஒருவர் பக்கத்தைத் திறந்து திருத்தத் தொடங்கினால் அது பூட்டப்படுகிறது, இயல்பாக 15 நிமிடம். அடுத்தவருக்கு யார் திருத்துகிறார் என்று காட்டும். பழைய முறைதான், ஆனால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சேமித்ததும் செருகுநிரல் பின்னால் கமிட் போடுகிறது, திருத்தியவரின் விக்கிப் பெயரோடு. படங்களை ஏற்றினாலும் நீக்கினாலும்கூடப் பதிகிறது. திருத்துபவருக்கு கிட் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம்.

இங்கே ஒரு கறாரான விதி வைத்திருக்கிறோம்: ஓட்டம் ஒரே திசையில். விக்கியிலிருந்து கிட்டுக்குப் போகும், கிட்டிலிருந்து விக்கிக்கு வராது. செருகுநிரலில் குறித்த இடைவெளியில் புல் செய்யும் (வெளியே உள்ள கிட் பிரதியிலிருந்து மாற்றங்களை இழுக்கும்) வசதி உண்டு. அதை அணைத்து வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து கோப்பு மாறினால் டோக்குவிக்கி அதைக் கண்டுபிடித்து வெளித் திருத்தம் என்று குறிக்கும், ஆனால் யார் என்ற பெயர் விக்கியின் வரலாற்றில் வராது. கிட்டில் ஒரு பெயர், விக்கியில் பெயரே இல்லை என்றால் இரண்டு பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பக்கப் பூட்டையும் அது மதிக்காது. தேடல் குறியீடும் அந்தப் பக்கத்தை யாராவது திறக்கும்போதுதான் புதுப்பிக்கப்படும்.

மொத்தமாகத் திருத்த வேண்டியிருந்தால் டோக்குவிக்கியோடு வரும் கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்துங்கள். பக்கத்தை எடுத்து, மாற்றி, குறிப்போடு திருப்பிச் சேர்க்கலாம். பூட்டையும் மதிக்கிறது, வரலாற்றிலும் பதிகிறது.

விக்கி.ஜேஎஸ் இரு திசையிலும் கிட்டோடு ஒத்திசைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கும் தரவுத்தளம் வேண்டும். மோதலை யார் தீர்ப்பது என்ற கேள்வி அங்கும் தீரவில்லை. அதை நான் சோதனைக்கு மட்டுமே நிறுவிப் பார்த்தேன், நாள்தோறும் பலர் எழுதும் நிலையில் ஓட்டியதில்லை.

தமிழில் எழுதுபவர்கள் முதல் நாளே கவனிக்க வேண்டியது கோப்புப் பெயர். டோக்குவிக்கி இயல்பாகப் பக்கப் பெயரை யூஆர்எல் முறையில் குறிமாற்றிச் சேமிக்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியும், புள்ளியும் கொக்கியும்கூட, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் 3 பைட். குறிமாற்றினால் ஒவ்வொரு பைட்டும் %E0 போல 3 எழுத்தாகி, அது 9 எழுத்தாக நீள்கிறது. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. ‘கூலன்ட் தொட்டி சுத்தம் செய்யும் முறை’ என்ற தலைப்பில் 32 குறிகள் இருக்கின்றன. அதுவே 288 ஆகிவிடுகிறது, கோப்பு உருவாகாது. அமைப்பில் யூடிஎஃப்-8 என்று மாற்றினால் அதே பெயர், இடைவெளிக்கான கோடுகளும் .txt-உம் சேர்த்தே, 104 பைட்டில் அடங்கும். பக்கங்கள் சேர்ந்த பிறகு மாற்றினால் பழைய கோப்புகளை எல்லாம் பெயர் மாற்ற வேண்டிவரும், ஆகவே தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள்.

கிட் பக்கமும் ஒன்று உண்டு. தமிழ்ப் பெயருள்ள கோப்புகளை கிட் இயல்பாக \340\256 என்று எண்களாகக் காட்டும். கோர்.கோட்பாத் என்ற அமைப்பை அணைத்தால் பெயர்கள் தமிழிலேயே தெரியும். மாற்றங்களைப் பார்க்கும்போது சொல் வாரியான ஒப்பீட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு எண் மாறியதற்கு முழுப் பத்தியும் சிவப்பும் பச்சையுமாக நிற்கும்.

கமிட் போட்டவுடன் புஷ் செய்யும் வசதியையும் நாங்கள் இயக்கவில்லை. இணையம் தடுமாறும் நேரத்தில் சேமி என்று அழுத்தியவர் அதற்காகக் காத்திருக்க நேரும். இரவில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் வசதி) வழியாக வெளியூரில் உள்ள சர்வருக்குப் புஷ் ஆகிறது. 2015, 2023 டிசம்பர்களில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் ஏறியதை நினைத்தால், முழு வரலாற்றோடு இன்னொரு பிரதி ஊருக்கு வெளியே இருப்பது ஆறுதல்தான். கடவுச்சொற்கள் உள்ள அமைப்பு அடைவை மட்டும் களஞ்சியத்தில் சேர்க்கக் கூடாது. வெப் சர்வராக அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் பயன்படுத்துபவர்கள் தரவு அடைவை வெளியிலிருந்து யாரும் திறக்காதபடி தாங்களே தடுக்க வேண்டும். அப்பாச்சிக்கான தடைக் கோப்பு டோக்குவிக்கியோடு வருகிறது, என்ஜின்எக்ஸ் அதைப் படிக்காது.

எங்களிடம் இருப்பவை சில நூறு பக்கங்கள். பல்லாயிரம் பக்கங்களுக்கும் நூற்றுக்கணக்கான எழுத்தாளர்களுக்கும் இதே பரிந்துரையைச் சொல்ல என் அனுபவம் போதாது. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் பிஎச்பியிலிருந்து வெளிக் கட்டளைகளை இயக்க விடமாட்டார்கள், அங்கே இந்தச் செருகுநிரல் ஓடாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுபவர்கள் எல்லாருமே நிரலாளர்கள் என்றால் நான் இக்கிவிக்கியையே சொல்வேன். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதும் பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே வையுங்கள், பாதி மோதல்கள் வராது.